இழுவைக்கு ஓடும் கெப் வாகனத்தில் ஓட்டோ கியர் பழுதானால்: புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு

கொழும்பில் திருமண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கட்டட வேலைத்தளங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுப்பவர்கள், அதை ட்ரெய்லரில் பொருத்தி ஒரு டபள் கெப்பின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்வதே வழக்கம். முகத்துவாரத்தில் படகு இழுப்பவர்களும் தண்ணீர் பவுசர் இழுப்பவர்களும் இதே வகை வண்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள். முன்னர் இவ்வேலைக்கு மனுவல் கியர் வண்டிகளையே தேடி வாங்கினோம். இன்று பழைய வாகனச் சந்தையில் கிடைக்கும் கெப் வாகனங்களில் ஓட்டோ கியர் உள்ளவை நிறைய இருக்கின்றன. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடியதால், முந்திய உரிமையாளர் எதை இழுத்தார், எண்ணெயை எப்போது மாற்றினார் என்று எவருக்கும் தெரியாத ஒரு கியர் பெட்டியோடுதான் புதியவர் பெரும்பாலும் தொழிலைத் தொடங்குகிறார்.

அந்தப் பெட்டி ஒருநாள் வீதியில் கைவிடும்போது எதை முதலில் செய்வது, எதை அறவே செய்யாதிருப்பது, பணத்தை எங்கே செலவிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் மெக்கானிக் அல்லன். கொட்டாஞ்சேனையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவன். ஒரே வண்டியில் இரண்டு கியர் பெட்டிகளை இழந்த பிறகு கற்றுக்கொண்டதையே எழுதுகிறேன். அவற்றுள் இரண்டாவது இழப்பு முழுக்க முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடியது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது

மனுவல் வண்டியில் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் ஒரு கிளட்ச் தட்டு இறுகப் பிடித்து இணைக்கிறது. ஓட்டோ வண்டியில் அந்த இடத்தில் டோர்க் கன்வேர்ட்டர் என்னும், எண்ணெய் நிரம்பிய, பூசணிக்காய் அளவான இரும்பு உருண்டை ஒன்று இருக்கிறது. அதனுள் இயந்திரம் சுழற்றும் இறகுகள் எண்ணெயை வீச, அந்த எண்ணெய் எதிரே உள்ள இறகுகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்போது இழப்பு மிகச் சிறிது. பின்னால் இரண்டாயிரம் கிலோ பாரம் இருக்க, வண்டி ஏற்றத்தில் திணறும்போது, முன்னது வேகமாகவும் பின்னது மெதுவாகவும் சுழல்கின்றன. அந்த வேறுபாட்டில் வீணாகும் சக்தி முழுவதும் எண்ணெயைச் சூடாக்குகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது கன்வேர்ட்டருக்குள் இருக்கும் ஒரு பூட்டுக் கிளட்ச் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டி இவ்வழுக்கலை நிறுத்திவிடும். ஆனால் ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. குளிர்ச்சி அதிகமாகத் தேவைப்படும் அதே நேரத்தில்தான் வெப்பமும் அதிகமாகப் பிறக்கிறது.

எண்ணெயின் வழமையான வேலை வெப்பநிலை ஏறக்குறைய 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது கராஜ்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. 120 பாகையைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் சிதைந்து உள்ளே மெருகெண்ணெய் பூசியதுபோல் படியத் தொடங்குகிறது. ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கின்றன. சீல் கசிந்தால் எண்ணெய் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கியர் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. வழுக்கல் மேலும் வெப்பத்தைத் தருகிறது. இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வரை இதமாகச் சென்று, கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும் வீதியை நினைத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் ஏற்றிய ஜெனரேட்டரை 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இறக்க வேண்டும். கண்டிக்குப் போகிறவர்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றம் இதே வேலையைச் சற்றுக் குறுகிய தூரத்தில் செய்கிறது. ஆனால் மலை மட்டும் காரணமன்று. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிச் செல்லும் தேருக்குப் பின்னால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு நடைவேகத்தில் மணிக்கணக்காக ஊர்ந்தால், ஏற்றம் அளவுக்கு இல்லாவிட்டாலும், எண்ணெய் சூடாகவே செய்யும். கன்வேர்ட்டர் பூட்டிக்கொள்ளும் வேகம் வருவதில்லை. முன்பக்கத்தில் காற்றும் புகுவதில்லை.

வீதியில் நிற்கும்போது

முன்னறிவிப்பு இல்லாமல் ஓட்டோ கியர் சாவது அரிது. இயந்திரத்தின் சுழற்சி ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. டிரைவிலோ ரிவர்சிலோ போட்டதும் ஓரிரு வினாடி தாமதித்து, பிறகு முதுகில் தட்டியதுபோல் பிடிக்கும். 60 முதல் 80 கிலோமீற்றர் வேகத்தில், வரிவரியாகத் தேய்ந்த வீதியில் ஓடுவதுபோல் வண்டி அதிரும். தீய்ந்த வாசனை வரும். கியர் எண்ணெய் வெப்ப விளக்கு எரியும். இவற்றுள் எதைக் கண்டாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். மேட்டின் உச்சி வரை எப்படியாவது ஏற்றிவிடலாம் என்ற எண்ணமே எனது முதலாவது பெட்டியைத் தின்றது.

சரிவில் நிறுத்தும்போது வரிசை முக்கியமானது. கால் பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை முழுவதும் இழுத்து, உதவியாளர் கெப்பின் சில்லுகளுக்கும் ட்ரெய்லரின் சில்லுகளுக்கும் கட்டை வைத்த பிறகு மெல்லக் காலைத் தளர்த்திப் பாரம் கட்டையில் தங்குவதை உறுதிசெய்து, கடைசியாகவே பார்க்கில் போட வேண்டும். பார்க் என்பது உள்ளே ஒரு பல்லில் விழும் சிறிய இரும்புக் கொக்கி மட்டுமே. ட்ரெய்லரின் முழுப் பாரத்தையும் அதன் மேல் தொங்கவிட்டால், பிறகு அது எளிதில் விடுபடாது. சில வேளை உடைந்தும் போகும்.

அடுத்துக் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சிவப்பு எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தால் இயந்திரத்தை உடனே நிறுத்திவிடுங்கள். ஒழுக்கு இல்லை, சூடு மட்டும்தான் என்றால் உடனே நிறுத்தக் கூடாது. பார்க்கில் அல்லது நியூட்ரலில், நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்றுகள் அளவில், ஏசியை அணைத்துச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். கியர் பெட்டியின் எண்ணெய்ப் பம்பை இயந்திரமே சுழற்றுகிறது. இயந்திரம் ஓடினால்தான் சூடான எண்ணெய் கூலருக்குப் போய் ஆறித் திரும்பும். இயந்திரத்தின் சூட்டுமானியும் சிவப்புக்குப் போயிருந்தால் இந்த அறிவுரை பொருந்தாது. அப்போது நிறுத்திவிட வேண்டியதே.

அரை மணி நேரம் ஆறிய பின் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, வெறும் வண்டியைச் சமதரையில் சில மீற்றர் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கல் இல்லாமல் உடனே பிடித்தால், வெறும் வண்டியை மெதுவாக அருகிலுள்ள கராஜ் வரை ஓட்டிச் செல்லலாம். ட்ரெய்லரை வேறொரு வண்டி கொண்டுபோகட்டும். வழுக்கினால் ஒரு கிலோமீற்றரும் ஓட்ட வேண்டாம். தேய்ந்துபோகும் தட்டுகளின் தூள் எண்ணெயோடு கலந்து எண்ணெயின் பாதையைத் திருப்பும் வால்வ் பொடி என்ற பாகத்துக்குள்ளும் கூலருக்குள்ளும் போய் அடைந்துகொள்கிறது. தட்டுகளை மட்டும் மாற்றி முடித்திருக்கக்கூடிய வேலை, அந்த ஒரு கிலோமீற்றரால் பெட்டி முழுவதையும் மாற்றும் வேலையாகிவிடலாம். கியர் ஒன்றிலேயே சிக்கி, இயந்திரத்தை நிறுத்தித் திரும்பத் தொடக்கினாலும் மாறாமல் இருந்தால், அது கட்டுப்பாட்டுக் கணினி தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நிலை. அது மின்சாரப் பழுதாகவும் இருக்கலாம் என்பதால், அங்கேயே பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

தள்ளித் தொடக்க முயல்வது வீண். ஓட்டோ வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் இயந்திரம் சுழலாது.

வண்டியைக் கொண்டுவருதல்

தொழில் தெரிந்தவர்களே இங்கு தவறுவதைக் கண்டிருக்கிறேன். பழுதான ஓட்டோ வண்டியைச் சங்கிலி கட்டி, பின் சில்லுகள் தரையில் உருள, கினிகத்தேனையிலிருந்து கொழும்பு வரை இழுத்து வந்தால், சில்லுகள், கியர் பெட்டியைப் பின் அச்சோடு இணைக்கும் தண்டான ப்ரொப் ஷாஃப்டைச் சுழற்ற, ஷாஃப்ட் கியர் பெட்டியின் உட்பகுதியைச் சுழற்றிக்கொண்டே வரும். இயந்திரம் ஓடாததால் பம்பும் ஓடாது. பெட்டிக்குள் ஒரு சொட்டு எண்ணெயும் சுற்றாது. நல்ல பெட்டியும் இப்படி வந்தால் கெட்டுப்போகும்.

ஆகவே வண்டியைத் தட்டுத் தளமுள்ள கெரியர் லொறியில் ஏற்றுவதே சரியானது. அது கிடைக்காவிட்டால், பின்சில்லு இயக்கமுள்ள வண்டியில் பின்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம், அல்லது ப்ரொப் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கலாம். நான்கு சில்லு இயக்கமுள்ள கெப் என்றால் முன் ஷாஃப்டையும் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை வீதியோரத்தில் இருட்டில் செய்வதைவிடக் கெரியருக்குக் காத்திருப்பது மேல். சில வண்டிகளின் கைநூல் குறைந்த வேகத்தில் குறுகிய தூரம் இழுக்க அனுமதிக்கும்; அந்த அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், கைநூலைப் பார்க்காமல் எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கூலியை வண்டி ஏறுவதற்கு முன் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் முழுக் காப்புறுதியில் வீதியுதவி அடங்கியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இயந்திரப் பழுதுக்குப் பொதுவாகக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. ஆனால் இழுத்து வரும் கூலியைச் சில ஒப்பந்தங்கள் ஏற்கின்றன.

பெட்டியை இறக்குவதற்கு முன்

கராஜுக்கு வந்ததும் மெக்கானிக் பாஸ் முதலில் பெட்டியை இறக்கலாம் என்றே சொல்வார். பொறுங்கள். மலிவான சோதனைகளை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

எண்ணெயின் அளவு முதலாவது. அளவுக் கம்பி உள்ள வண்டிகளில், பெரும்பாலும் எண்ணெய் சூடாக இருக்கும்போது, இயந்திரம் ஓட, பார்க்கில் வைத்தே அளக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அளந்தால் பிழையான கணக்கு வரும். புதிய வண்டிகள் பலவற்றில் கம்பியே இல்லை. அடியில் உள்ள ஒரு திருகாணியைத் திறந்து, உற்பத்தியாளர் குறித்த வெப்பநிலையில் எண்ணெய் மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்ப்பார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் இதைச் சரியாகச் செய்ய முடியாது. சும்மா திறந்து ஊற்றி மூடுபவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

எண்ணெயை ஒரு வெள்ளைக் கடதாசியில் சொட்டு விடுங்கள். தெளிவான சிவப்பு நல்லது. இளம் பழுப்பு, வயதைக் காட்டுகிறது. கருமையும் தீய்ந்த வாசனையும் தட்டுகள் எரிந்ததைக் காட்டுகின்றன. ரோஸ் பால் போன்ற நிறம் வந்தால் விடயம் வேறு: ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் வெடித்து, குளிர்நீர் கியர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் இயந்திரத்தை மீண்டும் தொடக்கவே வேண்டாம். நீர் பட்ட கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு கழன்றுவிடும்.

பின்னர் பற்றரியின் வலுவையும், இயந்திரத்திலிருந்து உடலுக்குப் போகும் எர்த் கம்பியையும் பார்க்கட்டும். குறைந்த மின்னழுத்தம் கட்டுப்பாட்டுக் கணினியைக் குழப்பி, இல்லாத பழுதைக் காட்டும். ஸ்கேனரில் வரும் குறியீடுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். பி 0700 என்பது கியர் கணினியில் ஏதோ குறை பதிவாகியுள்ளது என்ற பொது அறிவிப்பு மட்டுமே; அதை வைத்து எவரும் பெட்டியை மாற்றச் சொல்ல முடியாது. பி 0218 எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானதையும், பி 0730 எதிர்பார்த்த கியர் விகிதம் கிடைக்காததையும், அதாவது வழுக்கலையும், பி 0741 கன்வேர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் பிடிக்காததையும் சொல்கின்றன. சென்சர் ஒன்றோ, மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சொலினொயிட் ஒன்றோ குறிப்பிடப்பட்டால், பெட்டியை இறக்காமலே அது முடியக்கூடும்.

இறுதியாக அடித் தட்டைக் கழற்றி, அதிலுள்ள காந்தத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோல் மெல்லிய படிவு எல்லாப் பெட்டியிலும் இருக்கும். நகக்கண் அளவு இரும்புச் செதில்களோ, கரிய தட்டுத் துண்டுகளோ கிடந்தால் பெட்டி இறங்கத்தான் வேண்டும். டிரைவில் போட்டு, பிரேக்கை மிதித்து, முழு வேகமும் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. ஐந்து வினாடிக்கு மேல் அதைச் செய்யக் கூடாது. ஏற்கெனவே சூடு கண்ட பெட்டியில் செய்யவே வேண்டாம்.

திருத்துவதா, மாற்றுவதா

மூன்று வழிகள் உள்ளன: பெட்டியைத் திறந்து தட்டு, சீல், ஃபில்டர் முதலியவற்றை மாற்றிக் கட்டுவது, பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பெட்டி ஒன்றைத் தேடி வாங்குவது, முகவரிடம் புதியதைக் கேட்பது. மூன்றாவதன் விலையைக் கேட்டபின் பெரும்பாலோர் முதல் இரண்டுக்குத் திரும்புகிறோம். நல்ல ஓட்டோ கியர் பாஸ் ஒருவர் கிடைத்தால் நான் திருத்துவதையே விரும்புவேன், ஏனென்றால் பஞ்சிகாவத்தையில் வாங்கும் பெட்டியின் வரலாறும், நாம் கழற்றிய பெட்டியின் வரலாற்றைப் போலவே, எவருக்கும் தெரியாதது. ஆயினும் உறை வெடித்திருந்தாலோ உள்ளே பல் சக்கரங்கள் உடைந்திருந்தாலோ மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய பெட்டியில் உள்ள தகட்டின் இலக்கத்தைப் படமெடுத்துக் கொண்டுபோங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு, இரண்டு சில்லு, நான்கு சில்லு என்று பெட்டிகள் வேறுபடும். பொருந்தினாலும் கணினியோடு ஒத்துப்போகாத பெட்டிகளும் உண்டு. கடையிலேயே அடித் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்: எத்தனை நாள், பொருளுக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்குமா, இழுவை வேலைக்குப் பயன்படுத்தினாலும் செல்லுபடியாகுமா. கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தேன்.

எனது இரண்டாவது இழப்புக்கு இங்கே வருகிறேன். பெட்டியைக் கழற்றிக் கட்டிய கராஜ் வேலையில் குறை சொல்ல முடியாது. தட்டுகள் புதியவை, சீல்கள் புதியவை. ஆனால் பழைய பெட்டியின் தூள் நிறைந்திருந்த கூலரையும் அதன் குழாய்களையும் எவரும் கழுவவில்லை. வண்டியைத் தொடக்கியதும் அந்தத் தூள் முழுவதும் புதுப் பெட்டிக்குள் திரும்பியது. நான்கு மாதத்தில் பழையபடி வழுக்கல். ஆகவே பெட்டி ஏறுவதற்கு முன் கூலரைக் கழுவி, குழாய் வழியே எண்ணெய் தடையின்றி ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டர் பழையதென்றால் அதையும் கூலரோடு சேர்த்து மாற்றிவிடுவது நன்று. கன்வேர்ட்டருக்குள்ளும் தூள் தங்கியிருக்கும். தட்டு எரிந்த பெட்டிக்குப் பழைய கன்வேர்ட்டரை அப்படியே பூட்டுவது, சட்டியைக் கழுவாமல் அதிலேயே மறுபடி சமைப்பதற்குச் சமம்.

பெட்டியை ஏற்றும்போது நீங்கள் அருகில் நின்றால் நல்லது. கன்வேர்ட்டரைப் பெட்டியின் தண்டில் செருகிச் சுழற்றும்போது அது இரண்டு மூன்று முறை படிப்படியாக உள்ளே விழுந்து, பம்பின் பற்களில் அமர வேண்டும். முழுதும் அமராமல் போல்ட்டுகளை இறுக்கி இழுத்தால், இயந்திரத்தைத் தொடக்குவதற்கு முன்பே பம்பு உடைந்துவிடும்.

எண்ணெய் எல்லாம் சிவப்புத்தானே என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். டெக்ஸ்ரன் 3 கேட்கும் பெட்டியும், டொயோட்டா டபிள்யூ.எஸ். கேட்கும் பெட்டியும், நிசான் மெட்டிக் எஸ் கேட்கும் பெட்டியும் வேறு வேறு. உராய்வுத் தன்மையும் தடிப்பும் மாறுபடும். கைநூலில் உள்ள பெயரே கானிலும் இருக்க வேண்டும். வடித்து மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையான எண்ணெயே வெளியே வரும். மீதி கன்வேர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வேறு எண்ணெய் ஊற்றியது தெரிந்தால் ஒருமுறை வடிப்பது போதாது. வேலை முடிந்ததும் கணினியின் பழைய கற்றல் பதிவுகளை ஸ்கேனரால் அழித்து, புதிய பெட்டிக்குப் பழகவிட வேண்டும்.

மறுபடி பாரம் கொளுவுவதற்கு முன்

முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு எதையும் இழுக்காதீர்கள். வாடகை நட்டம்தான், ஆனாலும் வேறு வண்டி பிடித்து அந்த நாட்களைக் கடத்துங்கள்.

அந்த இடைவெளியில், ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படும் இடத்தில் ஒரு வெளிக் கூலரைப் பொருத்துங்கள். எண்ணெய் முதலில் ரேடியேட்டரில் உள்ள கூலருக்கும், பிறகு வெளிக் கூலருக்கும் போய், அங்கிருந்து பெட்டிக்குத் திரும்புமாறு குழாய் அமைய வேண்டும். ஊர்வலத்தில் ஊர்வது உங்கள் வேலையானால் அதற்கு ஒரு மின்விசிறியும் வேண்டும். இதோடு கியர் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றையும் டாஷ்போர்ட்டில் வையுங்கள். திருத்தச் செலவோடு ஒப்பிட்டால் இவ்விரண்டின் விலை சிறியது. எனது கணக்கில் இழுவை வண்டிக்கு இவற்றைவிட அவசியமான செலவு வேறில்லை.

பாரத்தையும் ஒருமுறை நேர்மையாக நிறுத்துப் பாருங்கள். ட்ரெய்லர், ஜெனரேட்டர், டீசல், கேபிள் சுருள், எல்லாம் சேர்த்து. பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பல கெப்களின் எல்லை 750 கிலோ மட்டுமே. பிரேக் உள்ள ட்ரெய்லருக்கே 2,500 முதல் 3,500 கிலோ வரையான எண்கள் சொல்லப்படுகின்றன. கொளுவியின் மேல் விழும் பாரம் ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும்.

ஓட்டும்போது மேல் கியரான ஓவர் டிரைவை அணைத்துவிடுங்கள். மேல் கியருக்கும் கீழ்க் கியருக்கும் இடையே பெட்டி திரும்பத் திரும்பத் தடுமாறுவதுதான் சமதரையிலும் சூட்டைக் கிளப்புவது. ஏற்றத்தில் கையால் கீழ்க் கியரில் வைத்து, இயந்திரத்தைச் சற்று வேகமாகவும் வண்டியை மெதுவாகவும் ஓடவிடுங்கள். ஒருகொடவத்தை மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது வேகமிதியால் வண்டியைப் பிடித்து வைக்காமல், பிரேக்கால் பிடியுங்கள். மானி 110 பாகையைத் தொட்டால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பவர் உங்கள் பெட்டிக்குப் பணம் தரப்போவதில்லை. எண்ணெய் மாற்றும் இடைவெளியை, கைநூல் கடின வேலைக்குத் தனியாகக் குறித்திருந்தால் அதன்படியும், இல்லையேல் சாதாரண அளவின் பாதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் எப்போதும் நான்கு மரக் கட்டைகள், எச்சரிக்கை முக்கோணம், கைவிளக்கு, நீண்ட கழுத்துள்ள புனல், சரியான கியர் எண்ணெய் இரண்டு லீற்றர் ஆகியவை இருக்கட்டும். அந்தக் கானின் மேல் "கியர் எண்ணெய்" என்று பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிவையுங்கள். இரவில், மழையில், உதவ வரும் பொடியன் பக்கத்திலிருக்கும் இயந்திர எண்ணெய்க் கானை எடுத்து ஊற்றிவிட இடமிருக்கிறது.